கம்பெனியில சைரன் இருக்கு... ரூம்ல?

படப்பை - ஒரகடம் ஏரியாவில் ரூம் எடுத்துத் தங்கியிருக்கிற, தங்கப்போகிற அத்தனை பேருக்கும்!

இன்ப்ளான்ட் ட்ரெய்னிங்குக்கு ஒரகடம் பக்கம் போயிருக்கீங்களா? போனவங்களுக்குத் தெரியும், முதல் நாள் மெஷினைக் கண்ணுலயே காட்ட மாட்டாங்க. சேஃப்டி கிளாஸ்தான். ஹெல்மெட், சேஃப்டி ஷூ, பச்சை போர்டு வெச்ச அசெம்பிளி பாயின்ட், சைரன் அடிச்சா எந்தக் கதவு வழியா வெளியே வரணும், லிஃப்ட்டை ஏன் தொடக்கூடாது... எல்லாத்தையும் கொட்டாவி விட்டுக்கிட்டே கேட்டுட்டு, 'புரிந்தது'ன்னு கையெழுத்தும் போட்டுட்டு வருவோம்.

சாயங்காலம் கம்பெனி பஸ் படப்பையில இறக்கி விடும். மெயின் ரோட்டை விட்டு சந்துக்குள்ள நடந்தா நம்ம ரூம். மூணாவது மாடி. ஏற இறங்க ஒரே ஒரு மாடிப்படி. அந்தப் படிக்குக் கீழே நாலு பைக், ஒரு காஸ் சிலிண்டர், ஓனரோட பழைய மெத்தை. ஜன்னல்ல கெட்டியா கம்பி. உள்ளே ஆறு பேர், ரெண்டு ப்ளக் பாயின்ட். ஒண்ணுல எக்ஸ்டென்ஷன் பாக்ஸ், அந்த பாக்ஸுக்குள்ள இன்னொரு எக்ஸ்டென்ஷன் பாக்ஸ்!

எட்டு மணி நேரம் நம்மைப் பார்த்துக்க கம்பெனியில ஒரு டிபார்ட்மென்ட்டே இருக்கு பாஸ். மீதி பதினாறு மணி நேரத்துக்கு? 101தான். அந்த சிவப்பு வண்டி வந்து சேர்றதுக்கு முன்னாடி இருக்கிற சில நிமிஷங்கள் முழுக்க நம்ம கையில. வருஷா வருஷம் தீயணைப்புத் துறை மைக் வெச்சு, நோட்டீஸ் கொடுத்து நம்மகிட்ட சொல்றதெல்லாம் அந்த நிமிஷங்களைப் பத்தித்தான்.

ஏப்ரல் 14. நமக்கு சித்திரை ஒண்ணு, லீவு, மாங்காய்ப் பச்சடி. அவங்களுக்கு அது நீத்தார் நினைவு நாள். 1944-ல் அதே தேதியில பம்பாய் துறைமுகத்துல 'ஃபோர்ட் ஸ்டிகைன்'ங்கிற கப்பல் தீப்பிடிச்சு வெடிச்சது. உள்ளே பஞ்சுப் பொதி, கூடவே டன் கணக்கில் வெடிமருந்து. என்ன காம்பினேஷன் பாருங்க! அணைக்கப் போன 66 தீயணைப்பு வீரர்கள் உயிரோட திரும்பலை. அவங்க நினைவா ஏப்ரல் 14-லிருந்து 20 வரைக்கும் நாடு முழுக்க தீத்தொண்டு வாரம். பஸ் ஸ்டாண்ட், ஸ்கூல், ஆஸ்பத்திரி, கம்பெனின்னு போய் டெமோ காட்டுவாங்க. எரியற சிலிண்டரை ஈரச் சாக்கு போட்டு அணைக்கிற அந்த ஷோவுக்கு எப்பவும் செம கூட்டம். கூட்டத்துல பாதிப் பேர் செல்போன்ல வீடியோ எடுத்துட்டுப் போயிடுவாங்க. சாக்கை எந்தப் பக்கத்திலிருந்து போடணும்னு கேட்டா தெரியாது. (நம்ம பக்கத்திலிருந்து தீயை எதிர்ப்பக்கம் தள்ற மாதிரி. சாக்கோட நுனியைக் கையில சுருட்டிக்கணும், இல்லேன்னா விரல் காலி.)

கொல்றது தீ இல்லை, புகை!

சினிமாவுல ஹீரோ நெருப்பைத் தாண்டித் தாண்டி ஓடி வருவார். நிஜத்துல அவர் நெருப்பைப் பார்க்கிறதுக்கு முன்னாடியே மயங்கி விழுந்திருப்பார். நுரை மெத்தை, பிளாஸ்டிக், ஒயர் எல்லாம் எரியும்போது கார்பன் மோனாக்சைடு வருது. அதுக்கு வாசனை கிடையாது. நம்ம ரத்தத்துல இருக்கிற ஹீமோகுளோபினுக்கு ஆக்சிஜனை விட அதைத்தான் ரொம்பப் பிடிக்கும். தூங்கிக்கிட்டிருக்கிறவன் தூக்கத்திலேயே போயிடுவான்.

மதுரை கட்ராபாளையம், 2024 செப்டம்பர் 12, விடியற்காலை. பெண்கள் விடுதியில ஃப்ரிட்ஜ் வெடிச்சுத் தீப்பிடிச்சது. ரெண்டு ஆசிரியைகள் இறந்துபோனாங்க. அதே வருஷம் டிசம்பர் 12, திண்டுக்கல்லில் ஒரு தனியார் ஆஸ்பத்திரி. ஒரு குழந்தை உட்பட ஆறு பேர். லிஃப்ட்டுக்குள்ள மாட்டி, புகையில மயங்கிக் கிடந்தவங்களும் அதில் உண்டு. வேலூரில் 2022 மார்ச்ல ராத்திரி சார்ஜ்ல போட்டிருந்த எலெக்ட்ரிக் ஸ்கூட்டர் எரிஞ்சு, அப்பாவும் மகளும் புகையில மூச்சுத்திணறி இறந்தாங்க. ஃப்ரிட்ஜ், லிஃப்ட், ஸ்கூட்டர்... மூணுமே நாம தினம் தொடற ஐட்டங்கள்தானே?

கம்பெனியில "லிஃப்ட் வேண்டாம்"னு சொன்னாங்களே, காரணம் இதுதான். லிஃப்ட் ஓடுற குழி புகைக்கு ஒரு சிம்னி மாதிரி. கரன்ட் போயிட்டா நடுவுல நிக்கும், கதவு திறக்காது.

அதனால, ரூமுக்குள்ள புகை வந்துட்டா நிமிர்ந்து ஓடாதீங்க. சூடான புகை மேலே ஏறும், தரையை ஒட்டி ஒண்ணு ஒண்ணரை அடி உயரத்துக்குக் கொஞ்சம் நல்ல காத்து மிச்சமிருக்கும். ஈரத்துணியை மூக்குல வெச்சுக்கிட்டுத் தவழ்ந்து போங்க. கதவைத் திறக்கிறதுக்கு முன்னாடி புறங்கையால தொட்டுப் பாருங்க. சுட்டா திறக்காதீங்க. கதவு இடுக்குல ஈர லுங்கியோ பெட்ஷீட்டோ அடைச்சுட்டு, ஜன்னல் பக்கம் நின்னு கத்துங்க, துணியை ஆட்டுங்க. வெளியே வர வழி இருந்தா, வரும்போது கதவைச் சாத்திட்டு வாங்க. சாத்தின ஒரு சாதாரண மரக்கதவு கூட புகையைப் பல நிமிஷம் தள்ளிப்போடும். சர்டிஃபிகேட், லேப்டாப்புன்னு திரும்ப உள்ளே போற வேலை மட்டும் வேண்டவே வேண்டாம். டூப்ளிகேட் மார்க் ஷீட் வாங்க யுனிவர்சிட்டியில ஃபார்ம் இருக்கு.

மாடிப்படி விஷயத்தை இங்கேயே சொல்லிடறேன். கும்பகோணம், 2004 ஜூலை 16. நம்ம செட்ல பல பேர் அப்போ பிறக்கவே இல்லை. பள்ளிச் சமையலறையில கிளம்பின தீ கீத்துக் கூரைக்குத் தாவி 94 குழந்தைகளைக் கொண்டுபோச்சு. தீயிலிருந்து வெளியே வர அவங்களுக்குச் சரியான வழி இல்லை. இருபது வருஷம் ஆச்சு, நம்ம லாட்ஜ் ஓனர்கள் பல பேர் இன்னமும் படிக்கட்டைக் குடோனாத்தான் பார்க்கறாங்க. ஒரு கட்டடத்துல இருக்கிற ஒரே வழியில பெட்ரோல் டேங்க்கோட பைக்கையும், சார்ஜ்ல ஸ்கூட்டரையும் நிறுத்தினா, தீப்பிடிக்கும்போது முதல்ல அடைபடுறது அந்த வழிதான். வாடகையை ஒண்ணாந்தேதி கரெக்டா வாங்குற ஓனர்கிட்ட இதைக் கேட்க நமக்கு என்ன கூச்சம்?

'ட்ரிப்' ஆகாத எம்.சி.பி.

இன்ஜினீயரிங் பசங்களுக்குப் பிடிச்ச ஏரியா வந்தாச்சு. பவர் = வோல்டேஜ் × கரன்ட். நம்ம ரூம்ல இருக்கிற சின்ன ப்ளக் பாயின்ட் 6 ஆம்பியருக்கானது. 230 வோல்ட்டால பெருக்குங்க, 1380 வாட். இப்போ பக்கெட்ல போடற வாட்டர் ஹீட்டர் கம்பியை எடுத்துத் திருப்பிப் பாருங்க... 1500 வாட்! அது ஒண்ணே ஓவர்லோடு. மேகி கிண்ட இண்டக்ஷன் ஸ்டவ் வேற, 2000 வாட். காலையில ஒருத்தன் குளிக்க, ஒருத்தன் சமைக்க, ரெண்டும் ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸ்ல ஓடினா 3500 வாட், 15.2 ஆம்பியர்.

"அதான் எம்.சி.பி. இருக்கே மச்சான், ட்ரிப் ஆயிடும்"னு ஒருத்தன் கண்டிப்பா சொல்லுவான். ஆகாது. போர்டுல இருக்கிறது 16 ஆம்பியர் எம்.சி.பி.யா இருந்தா அதுக்கு 15.2 ஓகே. அது சுவத்துக்குள்ள போற ஒயரைத்தான் பார்த்துக்கும். 150 ரூபாய்க்கு வாங்கின எக்ஸ்டென்ஷன் பாக்ஸோட நூல் மாதிரி ஒயர் என்ன கதியாகுதுன்னு அதுக்குத் தெரியாது. கரன்ட் ரெண்டு மடங்கானா சூடு நாலு மடங்கு. ஃபர்ஸ்ட் இயர்ல ரெண்டு மார்க் கேள்வியா எழுதினதுதான் இது. ப்ளக்கைக் கழட்டும்போது பின் சுட்டாலோ, சாக்கெட் ஓரம் பழுப்பா இருந்தாலோ அது உங்களுக்கு வந்த நோட்டீஸ்னு வெச்சுக்கங்க. ஹீட்டர், இண்டக்ஷன் ரெண்டுக்கும் 16 ஆம்பியர் பெரிய சாக்கெட்தான். ஒரு சமயத்துல ஒண்ணுதான். செல்போனைத் தலையணைக்கு அடியில வெச்சு சார்ஜ் போடறது... அதைச் சொல்லவே வேணாம்.

அடுத்தது காஸ். ஒரகடம் தாண்டி வாலாஜாபாத் போற வழியில தேவரியம்பாக்கம். 2022 செப்டம்பர் 28-ல் அங்கே ஒரு காஸ் சிலிண்டர் குடோன் தீப்பிடிச்சது. தீக்காயத்தோட ஆஸ்பத்திரிக்குப் போனவங்கள்ல பலர் அடுத்தடுத்த நாள்ல இறந்தாங்க. நம்ம ஏரியா பேப்பர்ல அதைப் படிச்சவங்க மறந்திருக்க மாட்டாங்க.

குடோன் பக்கம் நமக்கு வேலை இல்லை. ஆனா பேச்சிலர் ரூம்கள்ல ஓடுற 'சின்ன சிலிண்டர்' பிசினஸ் தெரியும்தானே? பெரிய வீட்டு சிலிண்டரைக் கவுத்துப் போட்டு, ஒரு ட்யூபை மாட்டி, முத்திரை எதுவும் இல்லாத குட்டி சிலிண்டருக்கு காஸ் மாத்திக் கொடுப்பாங்க. திரவமா இருக்கிற காஸ் ஒரு லிட்டர் கசிஞ்சா சுமார் 250 லிட்டர் வாயுவா விரியும். காத்தை விடக் கனம் என்பதால ஜன்னல் வழியா மேலே போகாது, தண்ணி மாதிரி தரையில பரவி, கட்டிலுக்கு அடியில தேங்கும். இத்தனைக்கும் எண்ணெய் நிறுவனங்களே 5 கிலோ சிலிண்டர் விக்கறாங்க. அட்ரஸ் ப்ரூஃப் வேண்டாம், ஒரு அடையாள அட்டை போதும். வெளியூர்ப் பசங்களுக்காகவே வந்த திட்டம் மாதிரி இருக்கு, ஆனா நம்ம ஆளுங்க குறுக்குச் சந்துலதான் போறாங்க.

ராத்திரி ரூமுக்கு வர்றீங்க, கதவைத் திறந்ததும் காஸ் வாசனை. கை தன்னால ஸ்விட்ச்சுக்குப் போகும் பாருங்க, அந்த இடத்துலதான் நிக்கணும். லைட், ஃபேன் எதையும் போடவும் கூடாது, அணைக்கவும் கூடாது. ரெண்டுலயும் பொறி வரும். கதவு ஜன்னலைத் திறந்து, ரெகுலேட்டரை ஆஃப் பண்ணி, சிலிண்டருக்கு மூடியைப் போட்டுட்டு, தெருவுக்கு வந்து போன் பண்ணுங்க. காஸ் கசிவுக்கு 1906. தீன்னா 101, இல்லைன்னா 112. வாணலியில எண்ணெய் தீப்பிடிச்சா தண்ணி ஊத்தாதீங்க, அடுப்பை அணைச்சு ஒரு தட்டைப் போட்டு மூடுங்க. உடம்புல பட்டா, குழாய்த் தண்ணியில இருபது நிமிஷம். பேனா மை, டூத் பேஸ்ட், தோசை மாவு எல்லாம் பாட்டி வைத்தியத்துலகூடச் சேர்த்தி இல்லை!

101-க்குப் பேசறதுலயும் ஒரு டெக்னிக் இருக்கு. "சார், படப்பையில தீ, சீக்கிரம் வாங்க"ன்னு சொல்லி கட் பண்ணினா அவங்க எங்கே வருவாங்க? வண்டலூர் - வாலாஜாபாத் ரோடு என்ன ஒரு தெருவா? எந்த ஊர், எந்த ஸ்டாப்பிங், பக்கத்துல என்ன கோயில் இல்லை பள்ளி, எரியறது என்ன, உள்ளே ஆள் இருக்காங்களா, பெரிய வண்டி சந்துக்குள்ள திரும்புமா. இதைச் சொல்லிட்டு, அவங்க வைக்கிற வரைக்கும் நீங்க வைக்காதீங்க. ஒருத்தன் மெயின் ரோட்டுக்கு ஓடிப்போய் நிக்கணும். ஷிப்ட் மாறுற நேரத்துல கன்டெய்னர் லாரியும் கம்பெனி பஸ்ஸும் அந்த ரோட்டுல எப்படி நிக்கும்னு நமக்குத்தானே தெரியும். வழி விட வெக்கறதும் நம்ம வேலைதான்.

இந்தத் துறையோட முழுப் பேர் 'தீயணைப்பு மற்றும் மீட்புப் பணிகள்'. அந்த 'மீட்பு' சும்மா இல்லை. கிணத்துல மாடு விழுந்தாலும், கிச்சன்ல பாம்பு வந்தாலும் நம்ம பக்கத்து ஜனங்க கூப்பிடறது இவங்களைத்தான். 2015 டிசம்பர் வெள்ளத்துல அடையாறு பொங்கி முடிச்சூர், வரதராஜபுரம் ஏரியாவே மூழ்கினப்போ, மொட்டை மாடியில நின்னவங்களைப் படகுல கொண்டுவந்தவங்கள்ல இவங்களும் உண்டு.

பொண்ணுங்களுக்கு ஒரு தகவல். 2003-ல் மீனாட்சி விஜயகுமார், பிரியா ரவிச்சந்திரன்னு ரெண்டு பேர் தமிழ்நாட்டுத் தீயணைப்புத் துறையில அதிகாரிகளா சேர்ந்தாங்க. அதுவரைக்கும் அந்த நாற்காலியில பெண்கள் இல்லை. 2012 ஜனவரியில சென்னை எழிலகம் வளாகத்துல கலச மகால் எரிஞ்சப்போ பிரியா உள்ளே போய் பலத்த தீக்காயம் பட்டாங்க. கூடப் போன வீரர் ஒருத்தர் இறந்தே போனார். பிரியா குணமாகித் திரும்பவும் அதே யூனிஃபார்மைப் போட்டாங்க. தீயணைப்பாளர் வேலைக்கு ஆள் எடுக்கிறது சீருடைப் பணியாளர் தேர்வாணையம், பத்தாவது பாஸ் போதும். டிகிரியாவே படிக்க ஆசைன்னா நாக்பூர் தேசிய தீயணைப்புக் கல்லூரியில ஃபயர் இன்ஜினீயரிங்னு ஒரு கோர்ஸே இருக்கு. கேம்பஸ் இன்டர்வியூ லிஸ்ட்டைத் தாண்டி யோசிக்கிறவங்க பார்த்து வைக்கலாம்.

டெமோவுக்கு ஏப்ரல் வரைக்கும் காத்திருக்கணும்னு இல்லை. உங்க ஹாஸ்டல் வார்டனோ, என்.எஸ்.எஸ். ஆஃபீஸரோ லெட்டர் எழுதி பக்கத்து ஸ்டேஷன்ல கொடுத்து ஒரு தேதி கேட்கலாம். அன்னைக்கு அந்த சிவப்பு சிலிண்டரை நீங்களே கையில எடுத்து அடிச்சுப் பாருங்க. பின்னை இழுத்து, தீயோட அடியைக் குறிவெச்சு, அழுத்தி, இடமும் வலமுமா வீசணும். சின்ன சைஸ்னா சில விநாடிகள்ல காலியாகிடும். அதுக்குள்ள அணையலைன்னா போட்டுட்டு வெளியே வந்துடணும்னு அவங்களே சொல்லுவாங்க. டெமோ முடிஞ்சதும் அவங்களை ஒரு தடவை மாடிப்படி வழியா மேலே கூட்டிட்டுப் போங்க. கீழே நிக்கிற அந்த நாலு பைக்கைப் பத்தி ஓனர்கிட்ட நீங்க பத்து தடவை சொல்றதும், காக்கி யூனிஃபார்ம்ல ஒருத்தர் ஒரு தடவை சொல்றதும் ஒண்ணு இல்லை!