ஈயத்தை உருக்க வேண்டாம்... 13 நம்பர் நட்டே போதும்! தூண்டில் பிரியர்கள் கவனத்துக்கு

சாத்தனூர் அணையைத் தாண்டி வரும் தென்பெண்ணை, மூங்கில்துறைப்பட்டை உரசிக்கொண்டு திருக்கோவிலூர் பக்கம் போகிறது. வெளியூர்க்காரர்களுக்கு இது சர்க்கரை ஆலை இருக்கும் ஊர். ஆனால் ஆற்றில் தண்ணீர் ஓடும் மாதங்களில் விடுமுறை நாளில் வந்து பார்த்தால், கரையில் ஆளுக்கொரு தூண்டிலோடு உட்கார்ந்திருப்பார்கள். ஒரு மூங்கில் கழி, கொஞ்சம் தங்கூஸ் நரம்பு, முள், தக்கை, கொட்டாங்குச்சியில் மண்புழு. ஜிலேபிக்கும் கெளுத்திக்கும் அவ்வளவு போதும்.

இந்தப் பட்டியலில் விட்டுப்போவது ஈயக்குண்டு. முள்ளுக்கு ஒரு சாண் மேலே, மிளகு அளவில் இருக்கும். அது இல்லாவிட்டால் புழு தண்ணீரில் மிதந்துகொண்டு போய்விடும். நம் ஆட்கள் இதை எப்படி மாட்டுகிறார்கள், கவனித்திருக்கிறீர்களா? பிளவுக்குள் நரம்பைச் செருகி, வாயில் வைத்துப் பல்லால் ஒரே கடி! பிறகு அதே கையால் முறுக்கு.

கடையில் வாங்குவதற்குப் பதில் வீட்டிலேயே செய்கிறவர்களும் உண்டு. டயர் கடையில் கழற்றிப் போட்ட பழைய ஈயத் துண்டையோ, பழைய பேட்டரித் தகட்டையோ எடுத்துவந்து, இரும்புக் கரண்டியில் வைத்து அடுப்பில் உருக்கி, மணலில் விரலால் குழி போட்டு ஊற்றுவார்கள். செய்வது சுலபம். காரீயம் 327 டிகிரி செல்சியஸிலேயே உருகிவிடும், விறகு அடுப்பே போதும். சுலபமாக இருப்பதுதான் ஆபத்தும்கூட.

குழியில் ஒரு சொட்டு ஈரம் இருந்தாலும் போச்சு. தண்ணீர் நொடியில் ஆவியாகி, உருகிய ஈயத்தை முகத்தில் அடிக்கும். அது கண்ணுக்குத் தெரியும் ஆபத்து. தெரியாதது, உருகிய ஈயத்தின் மேல் படியும் சாம்பல் நிறக் கசடு. அது தூளாகி அடுப்பங்கரையிலும் துணியிலும் தரையிலும் ஒட்டிக்கொள்ளும். தவழும் குழந்தை அந்தத் தரையில் கை வைத்து, கையை வாயில் வைக்கும். பெரியவர்களைவிடக் குழந்தைகளின் உடல் 4 முதல் 5 மடங்கு அதிக ஈயத்தை உறிஞ்சிக்கொள்ளும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ரத்தசோகை, வயிற்றுவலி, படிப்பில் கவனமின்மை என்று வேறு எதையோபோலத்தான் பாதிப்பு வெளியே தெரியும். யுனிசெஃப் 2020-ல் வெளியிட்ட அறிக்கை, உலகில் மூன்றில் ஒரு குழந்தையின் ரத்தத்தில் கவலைப்படும் அளவுக்கு ஈயம் இருப்பதாகச் சொன்னது. பழைய பேட்டரிகளை முறையில்லாமல் உடைத்து உருக்குவதை அது முக்கியக் காரணமாகக் காட்டியது. பேட்டரித் தகட்டில் அமிலமும் சேர்ந்திருக்கும் என்பதால், அதைத் தொடவே வேண்டாம்.

'பாட்டி ஈயச்சொம்பில்தானே ரசம் வைத்தார்?' என்று உடனே ஒரு கேள்வி வரும். அது வெள்ளீயம், வேறு உலோகம். தூண்டிலில் இருப்பது காரீயம். பெயரில்தான் ஒற்றுமை.

பிரிட்டனில் அன்னப்பறவைகள் இந்தக் குண்டுகளால் செத்து விழுந்தன. நம் கோழி, வாத்து போலவே அவையும் இரை செரிக்கச் சிறு கற்களை விழுங்கும். ஆற்றடியில் கிடந்த ஈயக்குண்டையும் கல் என்று நினைத்து விழுங்கின. 1987-ல் 28 கிராம் வரையிலான பெரும்பாலான ஈயக்குண்டுகளுக்கு அங்கே தடை வந்தது. அறுவடை முடிந்த வயலிலும் ஆற்றோரத்திலும் வாத்து மேய்ப்பவர்கள் நம் பக்கத்திலும் இருக்கிறார்கள்.

சரி, மாற்று என்ன?

மெக்கானிக் கடையில் கேட்டால் 13 நம்பர் ஸ்பேனர் சேரும் நட்டு கிடைக்கும். ஒன்று சுமார் 5 கிராம். கனமாக வேண்டுமென்றால் 17 நம்பர், சுமார் 11 கிராம். இரும்பு ஈயத்தைவிட லேசானதாயிற்றே என்று யோசிக்க வேண்டாம். தண்ணீருக்குள் 10 கிராம் ஈயம் 9 கிராம் போல நிற்கும், 10 கிராம் இரும்பு 8.7 கிராம் போல. கெளுத்திக்கு இந்த வித்தியாசம் தெரியப்போவதில்லை. கருங்கல் என்றால் 15 கிராம் எடுத்தால்தான் 10 கிராம் ஈயத்துக்குச் சமம். சுட்ட மண் என்றால் 18 கிராம் வேண்டும். அளவு பெரிதாகும், ஓட்டத்தில் கொஞ்சம் இழுக்கும். மற்றபடி குறையில்லை.

நட்டில் ஒரு தொல்லை உண்டு. அதன் விளிம்பு நரம்பை அறுக்கும். அதனால் நட்டை நேராக நரம்பில் கோக்காமல், நாலு விரல்கடை நீளத்துக்குத் தையல் நூலில் தனியாகக் கட்டித் தொங்கவிடுங்கள். இதில் இன்னொரு லாபமும் இருக்கிறது. நட்டு பாறை இடுக்கில் மாட்டினால் நூல் மட்டும் அறுந்துபோகும். முள்ளும் மீனும் உங்களுக்கு. 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழையில் சாத்தனூரிலிருந்து விநாடிக்கு 1.68 லட்சம் கன அடி வரை தண்ணீர் திறந்துவிடப்பட்டது நினைவிருக்கும். அப்படியொரு வெள்ளம் மரத்தையும் முள்ளையும் புரட்டிக்கொண்டுவந்து போடும். தூண்டில் மாட்டுவதற்கா பஞ்சம்? (அணை திறப்பு அறிவிப்பு வந்தால் தூண்டிலைச் சுருட்டிக்கொண்டு வீட்டுக்குப் போய்விடுங்கள், மீன் அடுத்த வாரமும் இருக்கும்.)

என் ஓட்டு மண் குண்டுக்குத்தான். களிமண்ணைக் கல் இல்லாமல் பிசைந்து, நெல்லிக்காய் அளவுக்கு உருட்டி, துடைப்பக் குச்சியால் நடுவில் துளை போட வேண்டும். காயும்போது துளை சுருங்கும் என்பதால் கொஞ்சம் பெரிதாகவே போடுங்கள். நிழலில் மூன்று நான்கு நாள் நன்றாகக் காய வேண்டும், அவசரப்பட்டுச் சுட்டால் வெடித்துவிடும். பிறகு விறகு அடுப்புத் தணலில் புதைத்து, சிவக்கச் சுட்டு, சாம்பலிலேயே ஆறவிடுங்கள். நெருப்பு வேலை மட்டும் பெரியவர்களுக்கு, உருட்டும் வேலையைப் பிள்ளைகளிடம் விடலாம். ஒன்றை ஒரு ராத்திரி வாளித் தண்ணீரில் போட்டுப் பாருங்கள். காலையில் கரையாமல் கிடந்தால், ஆற்றுக்குக் கிளம்பலாம்.