வெட்டி வீசினால் பெருகும் கொடி! மிகானியாவை அகற்றுவது எப்படி?

மழை ஓய்ந்ததும் தோட்டத்துப் பக்கம் போறீங்க. போன மாசம் இல்லாத ஒரு கொடி வாழையில் ஏறி நிற்கிறது. அரிவாளால் நாலு வெட்டு வெட்டி, வேலிக்கு அந்தப் பக்கம் வீசிட்டு, வேலை முடிஞ்சதுன்னு நினைக்கிறோம். உண்மையில் தொல்லை அங்கேதான் ஆரம்பிக்குது!

அந்தக் கொடி மிகானியா மைக்ராந்தாவாக இருந்தால், அதன் ஒவ்வொரு கணுவும் ஒரு நாற்று மாதிரி. ஈர மண்ணில் விழுந்த துண்டு வேர் விட்டுவிடும். நாம் வெட்டியது ஒரு கொடி, முளைப்பது பத்து கொடி.

எங்கிருந்து வந்தது?

இதன் தாயகம் மத்திய, தென் அமெரிக்கா. 1940-களில் இந்தியாவுக்குள் வந்தது. இன்று அசாம், கேரளா தொடங்கி மேற்குத் தொடர்ச்சி மலையின் ஈரமான பகுதிகள் வரை பரவியிருக்கிறது. ஈரமும் வெயிலும் சேர்ந்து கிடைத்தால் ஒரே நாளில் 8 செ.மீ. வரை வளரும். கேரளாவில் இதற்கு ‘திருதராஷ்டிரப் பச்சை’ என்று பெயர். பீமன் சிலையைக் கட்டிப்பிடித்தே நொறுக்கினாரே, அந்த திருதராஷ்டிரர்தான்!

என்ன பாதிப்பு?

போர்வை மாதிரி மேலே படர்ந்து வெயிலை மறைத்துவிடும். அடியில் இருக்கும் கன்றுகள் வாடிச் சாகும். தேயிலை, வாழை, அன்னாசித் தோட்டங்களில் களையெடுப்புச் செலவு கூடும். காட்டில் புல்லும் இளஞ்செடிகளும் அழிந்தால் மான், யானைக்குத் தீவனம் குறையும். நேபாளத்தின் சித்வன் தேசியப் பூங்காவில் காண்டாமிருகங்களின் மேய்ச்சல் இடங்களையே இந்தக் கொடி மூடியிருக்கிறது.

சீந்திலா, மிகானியாவா?

இரண்டுக்கும் இலை இதய வடிவம். அதனால் அவசரப்பட்டு மூலிகைக் கொடியைப் பிடுங்கிடாதீங்க. இப்படிப் பாருங்க:

• மிகானியா: ஒரே கணுவில் எதிரெதிராக இரண்டு இலைகள். ஓரத்தில் பல் பல்லாக வெட்டு. வெள்ளை நிறத்தில் கொத்துக் கொத்தாகச் சின்னப் பூக்கள்.
• சீந்தில்: கணுவுக்கு ஒரு இலை. ஓரம் வழவழப்பாக இருக்கும்.

அகற்றும் முறை

1. பூக்கும் முன்பே அகற்றுங்கள். பூத்து முற்றினால் பஞ்சு போன்ற இழையுள்ள விதைகள் காற்றில் பறந்து போய்விடும்.
2. மண் ஈரமாக இருக்கும்போது வேரோடு பிடுங்குங்கள்.
3. பிடுங்கியதை மண்ணில் போடாமல் பாறையிலோ சிமெண்ட் தளத்திலோ பரப்பி, முழுசாகக் காய விடுங்கள். பச்சையாக உரக்குழியில் போட வேண்டாம். ஓடையில் வீசவே கூடாது. தண்ணீர் போகும் இடமெல்லாம் துண்டும் போகும்.
4. சில வாரம் கழித்து அதே இடத்தை மறுபடி பாருங்கள். விட்டுப்போன கணு துளிர்த்திருக்கும்.

பக்கத்துத் தோட்டத்துக்காரரிடமும் சொல்லி, ஒரே சமயத்தில் செய்வது நல்லது. நம் பக்கம் மட்டும் சுத்தம் செய்தால் அவர் பக்கமிருந்து விதை திரும்ப வந்துவிடும். இந்தக் கொடியைத் தாக்கும் ஒரு துருப் பூஞ்சையை 2005-ல் அசாமிலும் 2006-ல் கேரளாவிலும் விட்டுப் பார்த்தார்கள். அது எதிர்பார்த்தபடி நிலைக்கவில்லை. அதனால் இப்போதைக்கு நம் கைதான் மருந்து.

யாரிடம் கேட்பது?

சந்தேகம் இருந்தால் இலை, கணு, பூ மூன்றும் தெரிகிற மாதிரி செல்போனில் படம் எடுத்து, உங்கள் பகுதி வேளாண் அல்லது தோட்டக்கலை அலுவலரிடம் காட்டுங்கள். ‘உழவன்’ செயலியும் உதவும். உழவர் அழைப்பு மையத்தின் கட்டணமில்லா எண் 1800 180 1551. காட்டுக்குள் இந்தக் கொடியைப் பார்த்தால் நீங்களே இறங்கிப் பிடுங்க வேண்டாம். வனத்துறை அலுவலகத்தில் இடத்தைச் சொன்னால் போதும்.

அடுத்த மழைக்கு முன்னாடி ஒரு தடவை வேலியோரம் நடந்து பாருங்களேன். இன்று கையில் அடங்கும் கொடி, ஒரு பருவம் தாண்டினால் தோட்டத்தையே மூடியிருக்கும்.