ஒரே பெயர்... மூன்று குரூஸ்கள்!

தூத்துக்குடியின் கடலோரத் தெருக்களில் வீட்டு வாசல் பெயர்ப் பலகைகளைப் படித்துக்கொண்டே நடந்தால், போர்ச்சுகலுக்கே வந்துவிட்டோமோ என்று தோன்றும். பர்னாந்து, மோத்தா, ரோச், கோமஸ், மச்சாடோ, குரூஸ்... ஆனால், உள்ளேயிருந்து கேட்கும் பேச்சு அசல் முத்துக்குளித்துறைத் தமிழ்!

இந்தப் பெயர்களுக்கு வயது ஏறக்குறைய 500. முத்துக்குளிப்பில் எழுந்த மோதலால் தவித்த பரதவர்கள், 1530-களில் போர்ச்சுகீசியரின் பாதுகாப்பை நாடினார்கள். ஆயிரக்கணக்கானோர் ஞானஸ்நானம் பெற்றபோது, போர்ச்சுகீசியக் குடும்பப் பெயர்களும் சேர்ந்து வந்தன. அதில் ஒன்றுதான் குரூஸ். பொருள், சிலுவை.

குதிரை வியாபாரி

பரதவர்களுக்கு அந்த வழியைக் காட்டியவரே ஒரு குரூஸ்தான். கோழிக்கோட்டிலிருந்து லிஸ்பன் சென்று, அங்கே மதம் மாறி, ஜான் டா குரூஸ் ஆனவர். தென்கடற்கரையில் குதிரை வியாபாரம் செய்துவந்த இவர்தான், 'கொச்சிக்குப் போய் போர்ச்சுகீசியரைப் பாருங்கள்' என்று யோசனை சொன்னார். ஒரு வியாபாரியின் யோசனை, ஒரு கடற்கரையின் தலையெழுத்தையே மாற்றியது.

தண்ணீர் தந்தவர்

அடுத்தவர் ராவ் பகதூர் குரூஸ் பர்னாந்து. இவருக்குக் குரூஸ் என்பது இயற்பெயர். பர்னாந்துதான் குடும்பப் பெயர். 1869-ல் பிறந்த இவர், தூத்துக்குடி நகராட்சித் தலைவராகப் பலமுறை இருந்தவர். கண்ணுக்கெட்டிய தூரம்வரை கடல், குடிக்கவோ ஒரு குடம் நல்ல தண்ணீர் இல்லை. அதுதான் அன்றைய தூத்துக்குடி. தாமிரபரணித் தண்ணீரை வல்லநாட்டிலிருந்து குழாய் வழியாக ஊருக்குக் கொண்டுவந்தே தீருவது என்று பாடுபட்டு, அதைச் சாதித்தும் காட்டினார். 1930-ல் மறைந்தார். நகரின் நடுவே நிற்கும் சிலை, ஊரின் நன்றிக்கடன். சாதி, மதம் பார்க்காமல் எல்லார் வீட்டுக் குடத்தையும் நிறைத்தவர் அல்லவா!

கடலை எழுதியவர்

மூன்றாமவர், எழுத்தாளர் ஜோ டி குருஸ். உவரி என்ற மீனவக் கிராமத்தில் பிறந்து, கப்பல் போக்குவரத்துத் துறையில் வேலை பார்த்தவர். கட்டுமரத்தில் போனவர்களின் வாழ்க்கையை, அவர்கள் பேசும் மொழியிலேயே 'ஆழி சூழ் உலகு' நாவலில் 2004-ல் எழுதினார். கரையில் நின்றே கடலைப் பார்த்துப் பழகிய வாசகர்கள், அலைக்கு அந்தப் பக்கத்தை அதில் பார்த்தார்கள். அடுத்து வந்த 'கொற்கை' நாவலுக்கு 2013-ல் சாகித்ய அகாடமி விருது கிடைத்தது. தோணியும் கப்பலுமாக வாழ்ந்த தூத்துக்குடியின் கதை அது.

கொற்கை, பாண்டியர் காலத்து முத்துத் துறைமுகம். போர்ச்சுகீசியக் கப்பல்கள் வருவதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பே இங்கே முத்துக் குளித்தவர்களின் ஊர். அந்நியப் பெயர் தாங்கிய ஒருவர் தன் நாவலுக்கு வைத்த பெயரோ, அந்தப் பழந்தமிழ்த் துறைமுகத்தின் பெயர்.

பெயர் கடல் கடந்து வந்ததாக இருக்கலாம். வேர் இந்த மண்ணில்தான்!