காது என்ன முழங்காலிலா இருக்கு? கிட்டார் ஆம்ப்பை உயர்த்தி, சாய்த்து வைக்கச் சொல்வது ஏன்?

ஆடித்தபசு, கோயில் கொடை என்று வந்துவிட்டால் சங்கரன்கோவில் வட்டாரத்தில் மைக் செட்காரர்களுக்கு ஓய்வே கிடையாது. இரும்பு பைப்பும் பலகையும் சேர்த்து மேடை, அதன் மேல் ஒரு கம்பளம், ராத்திரி மெல்லிசைக் கச்சேரி. அந்த மேடைகளில் அடிக்கடி கேட்கிற ஒரு புகார் உண்டு. "கிட்டார் சத்தம் எனக்கே கேக்கல" என்பார் கிட்டார் வாசிப்பவர். அதே நேரம் முன்னால் நிற்பவர்கள், "கிட்டார் காதைக் கிழிக்குது" என்பார்கள்.

இரண்டு பேர் சொல்வதும் உண்மைதான். பிரச்னை வால்யூமில் இல்லை, ஆம்ப் எங்கே பார்த்துக்கொண்டு இருக்கிறது என்பதில்தான்.

தரையில் வைத்தால் என்ன ஆகும்?

கிட்டார் ஆம்ப்பில் பெரும்பாலும் இருப்பது 12 அங்குல ஸ்பீக்கர். சின்ன ஆம்ப்பைத் தரையில் வைத்தால் அந்த ஸ்பீக்கரின் நடுப்பகுதி தரையிலிருந்து முக்கால் அடி, ஒரு அடி உயரத்தில் இருக்கும். நின்று வாசிப்பவரின் காது ஐந்தடிக்கும் மேலே. அவர் ஆம்ப்பிலிருந்து ஒன்றரை மீட்டர் தள்ளி நின்றால், ஸ்பீக்கர் பார்க்கும் நேர்கோட்டிலிருந்து அவர் காது சுமார் 40 டிகிரி மேலே இருக்கிறது. அதாவது ஆம்ப் அவர் முழங்காலுக்குத்தான் வாசித்துக் காட்டுகிறது!

இதில் என்ன நஷ்டம் என்று கேட்கலாம். சத்தம் எல்லாப் பக்கமும் பரவத்தானே செய்யும்? எல்லா சத்தமும் அப்படிப் பரவாது, இங்கேதான் விஷயமே இருக்கிறது.

காற்றில் ஒலி நொடிக்கு சுமார் 340 மீட்டர் வேகத்தில் போகிறது. 100 ஹெர்ட்ஸ் கொண்ட ஒரு கனமான ஒலியின் அலைநீளம் 3.4 மீட்டர். 30 சென்டிமீட்டர் ஸ்பீக்கருக்கு அது ரொம்பப் பெரியது. அதனால் குண்டு பல்பு வெளிச்சம் மாதிரி சுற்றிலும் பரவிவிடும். ஆனால் 4,000 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் வெறும் எட்டரை சென்டிமீட்டர்தான். ஸ்பீக்கரின் அகலத்தைவிட அலைநீளம் சிறியதாக ஆக ஆக, ஒலி டார்ச் லைட் மாதிரி ஒரே பக்கமாகக் குவிந்து போகும். 12 அங்குல ஸ்பீக்கரில் சுமார் 1,000 ஹெர்ட்ஸைத் தாண்டியதும் இது ஆரம்பிக்கிறது.

கிட்டாரில் ஒவ்வொரு கம்பியும் தெளிவாகக் கேட்பது இந்த மேல் பகுதியால்தான். 40 டிகிரி மேலே நிற்பவருக்கு அது வெகுவாகக் குறைந்து, மந்தமான 'தும் தும்' மட்டும் எஞ்சும். அவர் என்ன செய்வார்? ட்ரெபிளைக் கூட்டுவார், அப்புறம் வால்யூமையும் கூட்டுவார்.

அந்த டார்ச் வெளிச்சம் யார் மேல் விழுகிறது?

ஒரு சின்ன கணக்கு. மேடை 4 அடி உயரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். மேடைத் தரையில் இருக்கும் ஆம்ப்பின் ஸ்பீக்கர், கீழேயிருந்து பார்த்தால் கிட்டத்தட்ட 5 அடி உயரத்துக்கு வந்துவிடும். முன்னால் நிற்கும் ரசிகரின் காது மட்டமும் அதுதான். வாசிப்பவரின் முழங்காலைத் தாண்டிப் போகும் கூர்மையான ஒலி, நேராக ரசிகரின் காதில் போய் இறங்குகிறது. பாவம், அவர் ஆசையாக முதல் வரிசைக்கு முண்டியடித்து வந்தவர்.

இது வெறும் எரிச்சலோடு முடிவதில்லை. அமெரிக்காவின் தொழில் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நியோஷ், ஒரு நாளில் 85 டெசிபல் சத்தத்தை 8 மணி நேரம் கேட்பதை வரம்பாக வைத்திருக்கிறது. அதற்கு மேல் ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகும். 100 டெசிபல் என்றால் 15 நிமிடம்தான்! இசை நிகழ்ச்சிகளில் சராசரி சத்தம் 100 டெசிபலைத் தாண்டக்கூடாது என்று உலக சுகாதார அமைப்பும் 2022-ல் பரிந்துரைத்தது. விசைத்தறிச் சத்தம் கேட்டு வளர்ந்த ஊருக்கு, காது மெல்ல மெல்ல மங்குவது எப்படி என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

உயர்த்தினால் ஒன்று, சாய்த்தால் இன்னொன்று

இரண்டும் ஒரே வேலை மாதிரி தெரியும். ஆனால் பலன் வேறு.

தரையை ஒட்டி வைக்கும்போது கீழ்நோக்கிப் போகும் ஒலி தரையில் பட்டுத் திரும்பி, கனமான ஒலிகளைக் கூட்டிக் காட்டும். சுவரை ஒட்டியோ மூலையிலோ வைத்தால் இன்னும் கூடும். போதாக்குறைக்கு நம்ம ஊர் மேடைக்குக் கீழே வெற்றிடம். பலகையே தவில் மாதிரி அதிரும். ஆம்ப்பை ஓர் அடி, ஒன்றரை அடி தூக்கினாலே இந்த 'குமுகுமு' குறைந்து சத்தம் தெளியும்.

சாய்ப்பது திசைக்காக. ஆம்ப்பின் முகத்தைப் பின்பக்கமாகச் சாய்த்தால் ஸ்பீக்கர் வாசிப்பவரின் காதைப் பார்க்கும். இடம் குறைவான மேடையில் உயர்த்துவதைவிட இதுதான் அதிகம் கைகொடுக்கும் என்பது என் கட்சி.

இது புது யோசனையும் இல்லை. ஃபெண்டர் நிறுவனத்தின் ட்வின் ரிவெர்ப் போன்ற பெரிய ஆம்ப்களில், சாய்த்து நிறுத்துவதற்கென்றே இரண்டு பக்கமும் உலோகக் கால்கள் இருக்கும். மார்ஷலின் 1960ஏ கேபினட்டில் நான்கு ஸ்பீக்கர்கள். மேலே உள்ள இரண்டும் வானம் பார்த்த மாதிரி கொஞ்சம் சாய்ந்திருக்கும். 1960பி மாடலில் நான்கும் நேராக இருக்கும். (1960 என்பது ஆண்டு இல்லைங்க, மாடல் எண். மார்ஷல் ஆம்ப் செய்ய ஆரம்பித்ததே 1962-ல்தான்.) அவ்வளவு ஏன், பாடகரின் காலடியில் இருக்கும் மானிட்டர் ஸ்பீக்கரைப் பாருங்கள். அதன் பெட்டியே சாய்வாகத்தான் செய்யப்பட்டிருக்கும்.

ஸ்டாண்ட் இல்லையே, என்ன செய்வது?

மடக்கி எடுத்துப்போகிற ஆம்ப் ஸ்டாண்டுகள் இசைக்கருவிக் கடைகளில் கிடைக்கின்றன. வாங்க முடியாதவர்கள், சோடா பாட்டில் அடுக்கும் பிளாஸ்டிக் கிரேட்டைக் கவிழ்த்துப் போட்டு அதன் மேல் வைக்கலாம். சாய்ப்பதற்கு, முன்பக்கத்துக்கு அடியில் ஒரு மரக்கட்டையை அண்டக்கொடுத்தாலே போதும். பிளாஸ்டிக் சேர் மட்டும் வேண்டாம். கால் அகன்று உட்கார்ந்துவிட்டால் ஆம்ப் நேரே கீழேதான். ட்வின் ரிவெர்ப் மாதிரி ஆம்ப்கள் 30 கிலோவை நெருங்கும். யார் காலிலாவது விழுந்தால் கச்சேரி அதோடு முடிந்தது.

தனி ஹெட்டை கேபினட் மேல் வைத்திருந்தால், சாய்ப்பதற்கு முன் ஹெட்டைக் கீழே இறக்கிவிடுங்கள். சறுக்கி விழும். வால்வ் ஆம்ப் என்றால் பின்பக்கம் சூடு வெளியேற இடம் வேண்டும், திரைத்துணியோடு ஒட்டி வைக்காதீர்கள்.

பேஸ் கிட்டாருக்கு இதே யோசனையை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். அதன் மிகக் கனமான கம்பி 41 ஹெர்ட்ஸ், அலைநீளம் 8 மீட்டருக்கும் மேலே. அதற்குத் திசை பெரிய விஷயம் இல்லை. தரையிலிருந்து தூக்கினால் கனம் குறைந்த மாதிரி கேட்கும்.

அப்போ ரசிகருக்கு எப்படிக் கேட்கும்?

ஆம்ப்புக்கு முன்னால் ஒரு மைக் வைத்து மிக்ஸர் வழியாகப் பெரிய ஸ்பீக்கருக்கு அனுப்பினால் போதும். கூட்டத்துக்குச் சத்தம் சேர்ப்பது மைக் செட்டின் வேலை, வாசிப்பவருக்குக் கேட்க வைப்பது ஆம்ப்பின் வேலை. ஆம்ப்பை மேடையின் முன் ஓரத்தில் வைத்து வாசிப்பவரைப் பார்த்துத் திருப்பிவிடுவதும் நல்ல வழி. ஒரே எச்சரிக்கை, அவருக்குப் பின்னால் பாடகரின் மைக் இருந்தால் அதற்குள் கிட்டார் புகுந்துவிடும். அப்புறம் பாட்டைத் தெளிவாக எடுக்க மிக்ஸரில் இருப்பவர் திண்டாட வேண்டியதுதான்.

கிட்டாரைப் பிராசஸர் வழியாக நேரே மிக்ஸரில் போடுபவர்களுக்கு இந்தத் தலைவலியே இல்லை. ஆனால் அவர்களுக்கும் மானிட்டர் காதைப் பார்க்க வேண்டும்.

மேடைச் சத்தம் குறைந்தால் போலீஸ் அனுமதி விஷயத்திலும் நிம்மதி. 2000-ம் ஆண்டு ஒலி மாசு விதிகளின்படி குடியிருப்புப் பகுதியில் பகலில் 55, இரவில் 45 டெசிபல்தான் வரம்பு. இரவு 10 மணிக்கு மேல் காலை 6 வரை திறந்தவெளியில் ஒலிபெருக்கிக்குத் தடை. திருவிழா, கலை நிகழ்ச்சிகளுக்காக ஆண்டில் அதிகபட்சம் 15 நாள் மட்டும் நள்ளிரவு 12 வரை மாநில அரசு தளர்வு தரலாம்.

கச்சேரிக்கு முன் ஒரு சோதனை செய்து பாருங்கள். கூட இருப்பவரை கிட்டார் வாசிக்கச் சொல்லிவிட்டு, ஆம்ப்புக்கு ஒன்றரை மீட்டர் முன்னால் நின்று கேளுங்கள். அப்படியே குனிந்து ஸ்பீக்கர் மட்டத்துக்குக் காதைக் கொண்டுபோங்கள். தூரத்தை மாற்ற வேண்டாம், முகத்தை ஒட்டியும் வைக்க வேண்டாம். அங்கே கிட்டார் கீச்சென்று கேட்டால், முன்வரிசைக்கும் அப்படித்தான் கேட்கப்போகிறது. ஆம்ப்பைச் சாய்த்து வைத்து, நிமிர்ந்து நின்று, முதலில் ட்ரெபிளை, பிறகு வால்யூமைக் குறைத்துக்கொண்டே வாருங்கள்.