பழுதாகாத கணக்கையும் பாருங்கள்

வியாபாரிக்கு வரைபு எதற்கு என்று சில சகோதரர்கள் கேட்கக் கூடும். அவர்களுக்காக ஒரு சம்பவம்.

1986 ஜனவரி 28ஆம் திகதி அமெரிக்காவின் சலஞ்சர் விண்ணோடம் புறப்பட்டு 73 செக்கனில் சிதறியது. எழுவர் பலியாகினர். ரொக்கட்டின் மூட்டை அடைக்கும் இறப்பர் வளையம் குளிரில் இறுகி, தீச்சுவாலைக்கு வழிவிட்டதே காரணம். குளிர் ஆபத்தானது என்று பொறியியலாளர்கள் முதல் நாள் இரவே எச்சரித்தார்கள். ஆனால் அன்று பேசப்பட்டதெல்லாம் வளையம் பழுதான பயணங்கள் பற்றியே. 53 பாகை பரனைற்றிலும் பழுது, 75 பாகையிலும் பழுது. ஆகவே குளிருக்கும் பழுதுக்கும் தொடர்பு தெரியவில்லை. எச்சரிக்கை எடுபடவில்லை.

பின்னர் விசாரித்த ஆணைக்குழு, பழுதாகாத பயணங்களையும் சேர்த்து ஒரே வரைபில் புள்ளியிட்டது. கீழ்க்கோட்டில் வெப்பநிலை, நிலைக்கோட்டில் பழுதுகளின் எண்ணிக்கை. உண்மை பளிச்சென்று தெரிந்தது: 65 பாகைக்குக் குறைந்த நான்கு பயணங்களிலும் பழுது, அதற்கு மேற்பட்ட 20 பயணங்களில் மூன்றில் மாத்திரமே. சலஞ்சர் புறப்பட்டபோதோ வெறும் 36 பாகை.

நமது கடன் கொப்பியும் இப்படித்தான். இழுத்தடித்தவர்களை மட்டும் எண்ணினால் காரணம் பிடிபடாது. தவணைக்குக் கட்டியவர்களையும் அதே தாளில் குறியுங்கள். கீழே கடன் தொகை, பக்கத்தில் தாமதித்த நாட்கள், ஆளுக்கொரு புள்ளி. எது ரூபாய், எது நாள் என்று எழுதுங்கள். நிறமும் அலங்காரமும் வேண்டாம். எந்தத் தொகைக்கு மேல் கடன் கொடுக்கக் கூடாது என்பதைப் புள்ளிகளே காட்டித் தரும்.