மாத்திரைக்கு அடங்காத இரத்த அழுத்தம்

நம் வணிகர்களில் இரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறவர்கள் ஏராளம். பலருக்கு ஒன்றிரண்டு மாத்திரையிலேயே கட்டுப்பட்டு விடுகிறது. மூன்று வகை மாத்திரை சாப்பிட்டும் மேல் அளவு 150-க்குக் கீழே இறங்காதவர்களும் உண்டு. "கடையில் டென்ஷன், அதனால்தான்" என்று அவர்களே சமாதானம் சொல்லிக் கொள்வார்கள். ஆனால் இரத்தத்தில் ஒரு ஹார்மோன் மிகுந்திருப்பதும் காரணமாக இருக்கலாம்.

அதன் பெயர் ஆல்டோஸ்டிரோன். சிறுநீரகங்களின் மேல் தொப்பி போல அமர்ந்திருக்கும் அட்ரீனல் சுரப்பிகள் இதைச் சுரக்கின்றன. சிறுநீரோடு போகவேண்டிய உப்பை உடம்புக்குள் திரும்ப இழுத்து, பொட்டாசியத்தை வெளியே தள்ளுவது இதன் வேலை. உப்பு தங்கினால் தண்ணீர் தங்கும், அழுத்தம் ஏறும்.

சாதாரணமாக இது கணக்காகவே நடக்கும். அழுத்தம் குறையும்போது சிறுநீரகம் ரெனின் என்ற பொருளை இரத்தத்தில் விடும். அதுதான் ஆர்டர் சீட்டு. அதற்குத் தக்கபடி ஆல்டோஸ்டிரோன் வந்து இறங்கும். சிலருக்கோ ஆர்டர் இல்லாமலே சரக்கு வந்து குவிகிறது. ஒரு சுரப்பியில் சிறு கட்டி இருக்கலாம். அல்லது இரண்டு சுரப்பிகளுமே மிகையாக வேலை செய்யலாம்.

1954-ல் அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் டாக்டர் ஜெரோம் கான் இதைக் கண்டறிந்தார். 34 வயதுப் பெண்ணொருவருக்கு உயர் இரத்த அழுத்தம், தசைத் தளர்ச்சி, பொட்டாசியக் குறைவு. கட்டியை அகற்றியதும் குணமானார். வெகுகாலம் இதை அபூர்வ நோய் என்றே நினைத்தார்கள். உண்மையில் இரத்த அழுத்தக்காரர்கள் நூறு பேரில் 5 முதல் 10 பேருக்கு இருக்கலாம். பல மருந்துக்கும் அடங்காதவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு. இவர்களுக்குப் பக்கவாதமும் இதயக் கோளாறும் மற்ற இரத்த அழுத்தக்காரர்களைவிட அதிகம் வருகின்றன. அமெரிக்க நாளமில்லாச் சுரப்பியியல் சங்கம் 2025-ல் வெளியிட்ட வழிகாட்டியில், உயர் இரத்த அழுத்தம் உள்ள அனைவருக்குமே இச்சோதனையைச் செய்யப் பரிந்துரைத்தது.

சோதனை எளிது. காலையில் இரத்தம் எடுத்து ஆல்டோஸ்டிரோன், ரெனின் இரண்டையும் சேர்த்துப் பார்ப்பார்கள். முன்னது மிகுந்து பின்னது அடங்கிக் கிடந்தால் சந்தேகம். பொட்டாசியம் சரியாக இருக்கிறதே என்று விட்டுவிடக் கூடாது. பலருக்கு அது சரியாகவே இருக்கும். சில மாத்திரைகள் முடிவை மாற்றும். அதற்காக மருத்துவரைக் கேட்காமல் நிறுத்திவிடாதீர்கள். ஒரு பக்கக் கோளாறு என்றால் அறுவை சிகிச்சை உண்டு. இரு பக்கமும் என்றால் ஸ்பைரோனோலாக்டோன் போன்ற மாத்திரை.

இங்கே நம் கடைச் சரக்கு ஒன்றையும் சொல்லவேண்டும். 'சோடியம் குறைந்த உப்பு' என்று வரும் பாக்கெட்டுகளில் பொட்டாசியம் குளோரைடு கலந்திருக்கும். பலருக்கு அது நல்லதே. ஆனால் ஸ்பைரோனோலாக்டோன் சாப்பிடுகிறவர்களுக்கும் சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கும் பொட்டாசியம் ஏறி இதயத் துடிப்பே தடுமாறக்கூடும். "பிரஷருக்கு நல்லது, வாங்கிப் போங்க" என்று எல்லோருக்கும் எடுத்துக் கொடுக்காமல், "என்ன மாத்திரை சாப்பிடுறீங்க, டாக்டரைக் கேட்டீங்களா?" என்று ஒரு வார்த்தை விசாரித்துவிட்டுக் கொடுங்கள்.