உங்களுக்குத் தெரியுமா? சி.பி.டி. தருபவர் என்ன படித்தவர்?

● துன்பம் தரும் எண்ணம் உண்மைதானா என்று சோதித்துப் பார்க்கவும், நடந்துகொள்ளும் விதத்தைப் படிப்படியாக மாற்றவும் பழக்கும் பேச்சுமுறைச் சிகிச்சையே சி.பி.டி.

● 1960களில் இதற்கு உருக்கொடுத்த ஆரோன் பெக், மனப்பகுப்பாய்வில் பயிற்சி பெற்ற மனநல மருத்துவர். 1950களிலேயே இதற்கு வழிவகுத்த ஆல்பர்ட் எல்லிஸ், முதலில் வணிகம் படித்துப் பிறகு உளவியலாளர் ஆனவர்.

● இந்தியாவில் மருத்துவ உளவியலாளராகப் பணிபுரிய இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு வேண்டும். உளவியல் முதுகலைக்குப் பின், மருத்துவமனையில் நோயாளிகளைப் பார்த்தே பயிலும் இரண்டாண்டு எம்.ஃபில். நெடுங்காலமாக இதற்கான முக்கிய வழியாக இருந்து வந்தது.

● மனநல மருத்துவர் எம்.பி.பி.எஸ். முடித்து மனநலத்தில் மேற்படிப்பு படித்தவர். மருந்து எழுதுவது அவர் பணி. உளவியலாளர் மருந்து எழுதுவதில்லை. பயிற்சி பெற்ற இருவருமே சி.பி.டி. தரலாம்.

● புதுப்பட்டினம், கல்பாக்கம் பகுதியினர் செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவை அணுகலாம். வீட்டிலிருந்தே பேச, 2022இல் தொடங்கிய டெலி மனாஸ் உதவி எண் 14416. கட்டணமில்லை, தமிழிலும் பேசலாம்.

● தனியாரிடம் போனால், முதல் நாளே படிப்பையும் பதிவு எண்ணையும் கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை.